நாலில் ஒன்று

பிள்ளையைத் தூக்கத் தெரியாதவள் என்று பேர் எடுத்தவள் நான். அதனால்தான் நேர்ஸிங் படிக்கப் போனேன். மெல்பேண் கல்லூரியில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டபோது, சேவை, கருணை என்று மற்றவர்கள் சொல்வதையே நானும் சொல்லிவைத்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் இடம் கிடைத்திருக்காது.

உண்மை இதுதான். யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடியில், 1971 மாரியில் ஒரு காலை, ஐந்து மாதக் குழந்தை கிரிஜாவைக் குளிக்க வார்த்துத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது பாசியில் வழுக்கி விழுந்தேன். என் கணவர் நித்தியானந்தன் அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றார். நான் மல்லாக்க விழுந்தேன். பிள்ளை என் நெஞ்சின் மேலே கிடந்தாள் என்றுதான் எனக்கு ஞாபகம். கொஞ்சம் அழுதாள், பிறகு பால் குடித்துவிட்டு நித்திரையாகிவிட்டாள்.

இரண்டு மாதம் கழித்து, நிமிர்ந்து இருக்கப் பழகின பிள்ளை சரியத் தொடங்கினாள். கதவைச் சாத்தினால் போதும், திடுக்கிட்டுக் கையையும் காலையும் விரிப்பாள். பிறகு என் முகத்தைப் பார்ப்பதை விட்டாள். ஒன்றரை வயதில், ஒரு சளிக்காய்ச்சலோடு போய்விட்டாள்.

"கையிலையிருந்து விழுத்திப்போட்டாள், பாவம்" என்று மாமி, அதாவது நித்தியின் தாய், செத்தவீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். எனக்கு வாய் நீளம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அவர் என் தலையைத் தடவிக்கொண்டு சொன்னார். கேட்கக் கேட்க, பிள்ளை நெஞ்சின் மேலே கிடந்த ஞாபகம்கூட எனக்குச் சந்தேகமாகிவிட்டது. என் மனம் எனக்குச் சொன்ன பொய்யோ என்று நினைக்கத் தொடங்கினேன்.

1975இல் நாங்கள் மெல்பேணுக்கு வந்தோம். நித்திக்கு ஒரு எஞ்சினியரிங் கம்பனியில் படம் வரைகிற வேலை. ஃபுட்ஸ்கிறேயில் இரண்டு அறை ஃபிளாட். அடுத்த வருஷமே நான் கல்லூரியில் சேர்ந்தேன். அதுவரை ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே பழகுவதுதான் நேர்ஸிங். கல்லூரிக்குப் போய்ப் புத்தகம் விரித்துப் படிப்பது அப்போதுதான் தொடங்கியிருந்தது. வார்ட்டில் பழைய சிஸ்டர்மார் எங்களைப் பார்த்து, "படிச்ச பிள்ளைகள் வந்துவிட்டார்கள், கட்டிலை விரிக்கத் தெரியுமா என்று கேளுங்கள்" என்று சிரிப்பார்கள். எனக்குக் கட்டிலும் விரிக்கத் தெரியும், குழந்தையும் தூக்கத் தெரியும். குழந்தையைத் தூக்கும் செய்முறைப் பரீட்சையில் வகுப்பிலேயே கூடிய மார்க் எனக்குத்தான். பதினெட்டு வயதுப் பெட்டைகள் நடுவில் இருபத்தெட்டு வயதுக்காரி, பிளாஸ்டிக் பொம்மையின் பிடரியைத் தாங்கிப் பிடித்தபடி கண் கலங்கி நின்றதை ஒருவரும் கவனிக்கவில்லை.

1977 ஒக்ரோபர். நான் இரண்டாம் வருஷம். வயிற்றில் பத்து வாரம்.

அந்த வாரம் பரம்பரை நோய்கள் பற்றிய பாடம். வீட்டுவேலையாக ஒவ்வொருவரும் தன் குடும்பத்தைப் படமாக வரைந்துகொண்டு வரவேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கட்டினவர்களுக்கு நடுவே ஒரு கோடு, இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. இறந்தவருக்குக் கீழே வயதும் காரணமும். வீட்டிலே படம் வரைகிறவரை வைத்துக்கொண்டு நான் ஏன் பென்சில் பிடிக்கவேண்டும்? ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நித்தி குசினி மேசையில் ட்ரேஸிங் தாளை விரித்து, நான் சொல்லச் சொல்ல இந்தியன் மையால் வரைந்தார். அவருடைய கை ஒருநாளும் நடுங்காது.

மேலே என் அம்மாவும் நித்தியின் ஐயாவும். இருவரும் கூடப்பிறந்தவர்கள். அதாவது நித்தி எனக்குச் சொந்த மாமன் மகன். அதற்குக் கீழே நானும் நித்தியும் ஒரு சோடி. பக்கத்தில் என் தம்பி வரதராஜாவும் நித்தியின் தங்கச்சி ரஞ்சினியும் ஒரு சோடி. ஒரு வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்து அந்த வீட்டிலேயே பெண் எடுக்கிற மாற்றுச் சம்பந்தம் எங்கள் பக்கத்தில் வழமையானது. சீர், சண்டை எல்லாம் இரண்டு பக்கமும் சரிக்குச் சரியாகிவிடும். ரஞ்சினிக்கு இப்போது வயிற்றில் ஆறு மாதம் என்று போன கிழமைதான் தம்பி எழுதியிருந்தான்.

கடைசியில் ஒரு சின்ன வட்டம். கிரிஜா.

"வயசு, பதினெட்டு மாதம்" என்றேன்.

எழுதினார்.

"காரணம், விழுந்தது" என்றேன்.

பேனாவை மையில் தோய்த்தார். துணியில் துடைத்தார். பிறகு ஆங்கிலப் பெரிய எழுத்தில், கட்டடப் படத்தில் ஜன்னலுக்கும் கதவுக்கும் பேர் எழுதுவது மாதிரி, அழகாக எழுதினார். FALL. நான் அவரைப் பாவம் என்று நினைத்தேன். பிள்ளையைப் பற்றி எழுதவேண்டி வந்துவிட்டதே என்று தோளைத் தொட்டுவிட்டுத் தேத்தண்ணீர் போட எழும்பினேன்.

வியாழக்கிழமை வகுப்பு. மிஸஸ் கொனலி எங்கள் லெக்சரர். இருபது வருஷம் குழந்தைகள் வார்ட்டில் இருந்தவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. எல்லோருடைய படத்தையும் வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தவர் என்னுடையதில் நின்றுவிட்டார்.

"சிவமணி, உங்கள் தாயும் கணவரின் தகப்பனும் சகோதரர்களா?"

"ஆம்."

"அப்படியென்றால் நடுவில் இரட்டைக்கோடு போடவேண்டும். நெருங்கின இரத்த உறவுக்குள் நடந்த கலியாணம்."

பின்வரிசையில் ஒருத்தி கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். எனக்கு முகம் சுட்டது. "உங்கள் அரச குடும்பங்களில் யார் யாரைக் கட்டினார்கள் என்று வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள்" என்றேன்.

கோபத்துக்குக் கீழே எனக்கு வேறொரு உறுத்தல் இருந்தது. இரண்டு கிழமைக்கு முன் தாய்மார் கிளினிக்கில் முதல்தடவை பதிந்தபோது, "நீங்களும் கணவரும் இரத்த உறவா?" என்று நேர்ஸ் கேட்டாள். இதென்ன கேவலமான கேள்வி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கணக்கில் இரத்த உறவு என்றால் சித்தப்பா மகன், பெரியம்மா மகன். அவர்கள் அண்ணன் தம்பி. அவர்களை யாராவது கட்டுவார்களா? மாமன் மகன் மச்சான், உரிமைக்காரன், வேறு வீடு. "இல்லவே இல்லை" என்றேன். நித்தி பக்கத்தில்தான் இருந்தார். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிஸஸ் கொனலி விளக்கை அணைத்து ஸ்லைட் போட்டார். அதே மாதிரி ஒரு குடும்பப் படம், நடுவில் இரட்டைக்கோடு, கீழே கறுப்பாக்கின ஒரு வட்டம். அடுத்த ஸ்லைட்டில் ஒரு குழந்தை.

அது கிரிஜா.

வெள்ளைக்காரக் குழந்தைதான். ஆனால் அந்த நீளமான கண்மடல் மயிர், பொம்மைக்கு இருப்பது மாதிரி அந்த வழுவழுப்பான கன்னம், எங்கேயோ பார்க்கிற அந்தக் கண், விரித்த கை. என் பிள்ளையை யாரோ வெள்ளைத் தோலில் மறுபடி செய்துவைத்த மாதிரி இருந்தது. மிஸஸ் கொனலி பேசியது எங்கேயோ தூரத்தில் கேட்டது. ஆறேழு மாதம்வரை சாதாரணமாக இருக்கும். பிறகு நிமிர்ந்து இருக்க மறக்கும். சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடும். பார்வை போகும். தாய் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் இது வரும். தாய்க்கும் தகப்பனுக்கும் தங்களுக்குத் தெரியாமலே உள்ளே இருக்கிற ஒரு குறை, இரண்டு பக்கத்தாலும் வந்து பிள்ளையில் சேர்ந்துகொள்கிறது.

தாய் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும். அதை நான் கொப்பியில் எழுதினேன். எழுதின எழுத்து எனக்கே விளங்கவில்லை.

"நாலில் ஒன்று" என்றார் மிஸஸ் கொனலி. "இதைப் பிழையாக விளங்கிக்கொள்ளாதீர்கள். நாலு சீட்டுப் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுக்கிறீர்கள். அடுத்த பிள்ளைக்கு, எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட்டுத்தான் குலுக்கவேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாக நாலில் ஒன்று."

என் கை வயிற்றுக்குப் போய்விட்டது.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனபிறகு அவர் முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், கிணற்றடியிலிருந்து. அவர் சிகரெட்டைப் பற்றவைக்க எடுத்தவர், பற்றவைக்கவில்லை. விழுந்ததால் இப்படி வராது என்றார், இரண்டு தரம் சொன்னார். இப்போது ஊசியால் கர்ப்பநீர் எடுத்துப் பார்க்கிற ஒரு சோதனை இருக்கிறது, இன்னும் நாலைந்து வாரத்தில் செய்யலாம், நாளைக்கே கிளினிக்குக்குப் போய் உறவைச் சொல்லுங்கள் என்றார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"அங்கே ஒரு டொக்டரும் குழந்தையின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கவில்லையா? அடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். பார்த்தவுடனேயே சொல்லிவிடுவார்கள். விழுந்த காயத்தோடு அது மாறாது."

பார்த்தார். கொழும்பில் ஒரு கண் டொக்டர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பிள்ளையோடு வெளியே வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு நித்தியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நித்தி வெளியே வந்து, "விழுந்ததிலை மூளையிலை வீக்கமாம்" என்றார். பிள்ளையைத் தான் தூக்கிக்கொண்டார். கோட்டை ஸ்ரேசன் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

கல்லூரியிலிருந்து எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ட்ராமில் ஏறியது ஞாபகம். இறங்கியது ஞாபகம் இல்லை.

நித்தி ஐந்தரைக்கு வந்தார். வெயில் இன்னும் குசினிக்குள் இருந்தது. மேசையில் அந்தப் படத்தை விரித்து வைத்திருந்தேன். வழக்கமாகத் தேத்தண்ணீர் இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை.

"கொழும்பிலை அந்த டொக்டர் உங்களுக்கு என்ன சொன்னவர்?" என்றேன்.

எந்த டொக்டர் என்று அவர் கேட்கவில்லை. அப்போதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதிரையை இழுத்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தார்.

"ஆர் உமக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. படத்திலை பாத்தனான். எங்கடை பிள்ளையை அவங்கள் ஸ்லைட்டிலை போட்டு வைச்சிருக்கிறாங்கள்."

முகத்தைக் கையால் துடைத்தார். "நோயின்ரை பேரும் சொன்னவர். எனக்கு வாயிலை வரேல்லை. மச்சான் மச்சாள் கட்டினதாலை வந்தது, வைத்தியம் இல்லை எண்டவர்."

"நீங்கள் வெளியிலை வந்து வேறை சொன்னியள்."

"அப்ப ரஞ்சினிக்கும் வரதனுக்கும் பேசி முடிச்சாச்சு, மணி. ஐயாவுக்கு மட்டும் சொன்னனான். இது வெளியிலை வந்தா அந்தக் கலியாணம் குழம்பும், குடும்பத்திலை நோய் எண்டு அவளை வேறையும் ஒருத்தரும் எடுக்கமாட்டாங்கள் எண்டார். நீர் விழுந்தது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். அது அப்பிடியே இருக்கட்டும் எண்டார்."

"அது அப்பிடியே இருந்துது" என்றேன். "அஞ்சு வருஷம். மாமி?"

"அம்மாவுக்குத் தெரியாது. அவ உண்மையாத்தான் உம்மிலை பிழை எண்டு நினைக்கிறா."

அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. அதைவிட, ஞாயிற்றுக்கிழமை இந்த மேசையில் நான் அவருடைய தோளைத் தொட்டேனே, அந்தக் கையை வெட்டிப் போடவேண்டும் போல இருந்தது. தெரிந்துகொண்டே பேனாவைத் தோய்த்து, துடைத்து, நாலு எழுத்தையும் அளவு பிசகாமல் எழுதின மனிதர் இவர்.

"தெரிஞ்சுகொண்டோ இதுக்குச் சம்மதிச்சனீங்கள்?" என்று வயிற்றைக் காட்டினேன். "கிளினிக்கிலை நான் இல்லையெண்டு சொல்லேக்கை ஜன்னலைப் பாத்துக்கொண்டு இருந்தியளே?"

அவர் நிமிர்ந்தார். முதல்தடவையாக அவருடைய முகத்தில் ஒரு தைரியம் வந்தது. "இல்லை, மணி, இதுக்கு ஒண்டும் வராது. நாலிலை ஒண்டு எண்டுதான் டொக்டர் சொன்னவர். அந்த ஒண்டு எங்களுக்கு வந்து போட்டுது. இனி வாற மூண்டும் நல்லாயிருக்கும். அந்தக் கணக்குத் தெரிஞ்சபடியாத்தான் நான் பயப்பிடேல்லை. இல்லாட்டி விட்டிருப்பனே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டும் வந்தது. பாலத்துக்கு இரும்புக் கணக்குப் பார்த்து வரைகிற மனிதர், தன் பிள்ளையின் கணக்கை ஐந்து வருஷமாகப் பிழையாகப் போட்டு வைத்துக்கொண்டு, அந்த நம்பிக்கையிலே என்னோடு படுத்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பியிருக்கிறார். அதுதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

மேசையில் கிடந்த துண்டுத் தாளை நாலாகக் கிழித்து, ஒன்றில் கறுப்புப் புள்ளி வைத்து, நாலையும் மடித்துத் தேத்தண்ணீர்க் கோப்பைக்குள் போட்டுக் குலுக்கினேன். "எடுங்கோ."

"என்னப்பா இது?"

"எடுங்கோ."

எடுத்தார். விரித்தார். புள்ளி இல்லை. நான் வாங்கித் திரும்பப் போட்டுக் குலுக்கினேன். மறுபடி எடுத்தார். புள்ளி இருந்தது.

"சரி, அது கிரிஜா" என்றேன். "இப்ப அடுத்த பிள்ளைக்கு எடுக்கப் போறியள். அதைத் திரும்ப உள்ளுக்குப் போடுங்கோ."

"திரும்பப் போடவேணுமோ?"

"ஒவ்வொரு தரமும்."

சீட்டைப் பிடித்த கை கோப்பைக்கு மேலே அப்படியே நின்றது. கோப்பையைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். அவருடைய முகம் வெளிறிப் போனதை நான் அந்த வெயில் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். பார்க்கவேண்டும் என்றுதான் பார்த்தேன். அவரால் சீட்டைப் போட முடியவில்லை. அது கீழே விழுந்தது. இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"ரஞ்சினி" என்றார்.

"ஓம். அவைக்கும் வரலாம், வராமலும் விடலாம். ஆனா அவைக்குத் தெரியவேணும். நாளைக்குக் காலமை கிளினிக்கிலை நீங்கள்தான் வாயைத் திறந்து சொல்லுறியள். தம்பிக்கு நான் இண்டைக்கே எழுதுறன். இப்ப இதைச் சரியாக்குங்கோ."

படத்தை அவர் பக்கம் தள்ளினேன். அவர் கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டார், பேனாப் பெட்டியைக் கொண்டுவந்தார். எனக்கும் அவருக்கும் நடுவே இன்னொரு கோடு போட்டார். வரதனுக்கும் ரஞ்சினிக்கும் நடுவே போடுமுன் என்னைப் பார்த்தார். போட்டார். சின்ன வட்டத்தை மையால் கறுப்பாக்கினார். ஓரத்துக்கு வெளியே ஒரு சொட்டும் போகவில்லை.

பிறகு சவர அலகை எடுத்தார். ட்ரேஸிங் தாளில் பிழையாக எழுதின மையை அலகால் சுரண்டித்தான் எடுப்பார்கள். எத்தனையோ தரம் அவர் செய்து பார்த்திருக்கிறேன், தாளுக்கு ஒரு நோவும் வராது. அன்றைக்கு முதல் எழுத்துச் சுரண்டுப்பட்டது, இரண்டாவதும் போனது. மூன்றாவதில் அலகு தாளைக் கிழித்துக்கொண்டு மேசையில் இறங்கியது.

கிழிசலைப் பார்த்தபடியே சொன்னார்.

"நீர் அண்டைக்குப் பிள்ளையைக் கைவிடேல்லை, மணி. சத்தம் கேட்டுத் திரும்பினனான். நீர் மல்லாக்கக் கிடந்தனீர். பிள்ளை உம்மடை நெஞ்சுக்கு மேலை. ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டிருந்தனீர். அவளிலை ஒரு கீறல்கூட இல்லை. நான் கண்ணாலை கண்டனான்."

ஐந்து வருஷம், இரண்டு நாடு, ஒரு படிப்பு. பொம்மையைத் தூக்கித் தூக்கிப் பழகினேனே, இந்தக் கையை நம்பமுடியாமல். அந்த ஞாபகம் பொய் இல்லை என்று தெரிந்த ஒரே ஒரு ஆள், ஒவ்வொரு இரவும் என் பக்கத்தில் படுத்திருந்தார்.

அழவேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை. லாச்சியைத் திறந்து இரண்டு எயார்மெயில் தாள் எடுத்தேன். ஒன்று தம்பிக்கு, நான் எழுத. மற்றதை அவருக்கு முன்னால், கிழிந்த படத்துக்கு மேலே வைத்தேன்.

"இப்ப எனக்குச் சொன்னதை" என்றேன், "ஒரு சொல்லும் விடாமல் மாமிக்கு எழுதுங்கோ."